லாரிப் புகைக்குழாயில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை மெருகு கெடாமல் எடுக்கும் முறை

டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹானஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் நிமிர்ந்த புகைக்குழாய்களில், காற்றில் பறந்துவரும் கடைப் பையோ அவிழ்ந்த தார்ப்பாயின் ஓரமோ பட்டு உருகி ஒட்டிக்கொள்வது உண்டு. மெருகேற்றிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் அந்தக் கறையை அகற்றுவதைவிட மெருகைக் காப்பதே கடினம். என் லாரியில் பலன் தந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழாயில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது வலுவாக ஒட்டினால், குழாய் குரோம் பூசிய இரும்பாக இருக்கக்கூடும். அப்போது கீழே சொல்லும் அடுப்புத் துப்புரவு மருந்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்லாம் சூட்டின் அளவில்தான் இருக்கிறது. கடைப் பைகளுக்குப் பயன்படும் பாலிஎத்திலீன் ஏறத்தாழ 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். பாலிபுரோப்பிலீன் இழைகளால் நெய்த தார்ப்பாய்க்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்தச் சாலையில் உள்ள மலையேற்றமான வான் ரீனன் கணவாயை ஏறிமுடித்த சூட்டோடு சுரண்டினால் பிளாஸ்டிக் குழம்பாகி இன்னும் அகலமாகப் பரவும்; குழாய் முழுவதும் ஆறிய பிறகு சுரண்டினாலோ தடித்த பகுதி மட்டும் பெயர்ந்து, மெல்லிய படலம் அப்படியே நிற்கும். ஆகவே, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். எஞ்சினை வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றுவதைவிட, சூடான காற்றை ஊதும் கைக்கருவியான ஹீட் கன்னையே நான் விரும்புகிறேன். உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் சூடாக்கி, மரக் கரண்டியின் தட்டையான விளிம்பால் தொட்டுப் பார்க்கலாம். நூலாக இழுத்தால் சூடு அதிகம், சற்றுப் பொறுங்கள். நொறுங்கினால் சூடு போதாது. பாலாடைபோல் மடிந்து எழுந்தால் அதுவே பதம். தோல் கையுறை அணிந்து, புகையை மூச்சில் இழுக்காமல் திறந்த வெளியில் இதைச் செய்யுங்கள்.

இரும்புக் கம்பளியை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அது மெருகில் கோடு போடுவதோடு, உதிர்க்கும் இரும்புத் துகள்கள் பின்னர் துருப்பிடித்துக் குழாயையே கறையாக்கும். தின்னரும் அசிட்டோனும் பாலிஎத்திலீனைக் கரைப்பதில்லை. சூடான குழாயருகே அவை தீப்பிடிக்கும் ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

எஞ்சிய கருகல் படலத்துக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த அடுப்புத் துப்புரவு மருந்து போதும். குழாய் நன்றாக ஆறிய பின், ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து பூசி, 15 முதல் 20 நிமிடம் விட்டுத் துடைத்து, தண்ணீரால் முழுவதும் கழுவுங்கள். கீழேயுள்ள அலுமினிய டீசல் தொட்டியை முன்னதாகவே மூடிவிடுங்கள். இந்தக் காரம் அலுமினியத்தை அரித்துவிடும்.

கடைசியாக, பருத்தித் துணியில் ஆட்டோசால் என்ற உலோக மெருகுப் பசையைச் சிறிது எடுத்து, பழைய மெருகு ஓடும் திசையிலேயே தேயுங்கள். பசையும் விரல் தடமும் மிச்சமில்லாமல் துடைத்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள்; இல்லையேல் அவையும் சூட்டில் படிந்துவிடும்.

பிற்சேர்க்கை: மழைக்கோட்டு ஒட்டினால் என்ன செய்வது என்று பீட்டர்மரிட்ஸ்பர்க் ஓட்டுநர் ஒருவர் கேட்டிருந்தார். அது பி.வி.சி. ஆக இருந்தால் ஹீட் கன் வேண்டாம். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்பட்டு நுரையீரலையும் எஃகையும் தாக்கும். ஆறிய நிலையிலேயே இயன்றதைப் பெயர்த்து, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீர் விடுங்கள். அதன் பிறகும் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால், பசை அவற்றை நிரப்பாது. மெருகுப் பட்டறையில்தான் அவற்றைச் சீராக்க வேண்டும்.