சங்கிலியில் வளர்ந்த ஜிம்மி

ஜிம்மி எங்கள் வளவுக்கு வந்தது 2021 இல். பெரியம்மா கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போகும்போது வீட்டைப் பூட்டித் திறப்பையும் நாயையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனார். அப்போது அவனுக்கு நாலு வயது. அந்த நாலு வருசமும் படலையடி வேப்பமரத்தில், ஐந்தடிச் சங்கிலியில் நின்று வளர்ந்தவன்.

நான் யாழ்ப்பாணத்து இணுவிலில் வீட்டோடு தையல் செய்கிறவள். நாளுக்குப் பத்துப் பேராவது வந்து போவார்கள். சைக்கிள் மணி கேட்டால் போதும், பட்டி கழுத்தை இறுக்க இறுக்க இழுத்துக்கொண்டு குரைப்பான். வந்து இரண்டாவது கிழமை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாவாடையைக் கவ்விக் கிழித்துவிட்டான். பல் தோலில் படவில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

"பூவரசந்தடியால நாலு போடு, அடங்கும்" என்றார்கள். நான் போடவில்லை, நீங்களும் போடாதீர்கள். நாய் உறுமுவது "கிட்ட வராதே" என்று முன்கூட்டிச் சொல்வதற்கு. உறுமினால் அடி விழும் என்று கண்டுகொண்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், பயம் மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடிக்கும்.

முதல் வேலை மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது. குணம் கெட்டுப்போன நாய் என்று நாங்கள் நினைப்பது பலநேரம் நோவோடு இருக்கிற நாய். ஜிம்மிக்கு இடது காதில் சீழ். பட்டிக்குக் கீழே மயிர் உதிர்ந்து தோல் புண்ணாகியிருந்தது. காதைத் தொட்டால் சீறுகிறவன், மருந்து விட்டுப் பத்து நாளில் தானாகவே தலையை என் முழங்காலில் வைத்தான். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் இலகுவாகப் போகவேண்டும். அதை மாதம் ஒருமுறை பாருங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை வருசத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் ஊருக்குள் முகாம் வைக்கும்போது காசில்லாமலே போடலாம். எந்த நாயாவது கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூசவேண்டாம்.

இரண்டாவது வேலை படலையை விட்டு எடுப்பது. படலையடியில் கட்டின நாயின் கண்ணால் பாருங்கள். ஒழுங்கையால் ஒருவர் வருகிறார், இவன் குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். அவர் தன் வேலைக்குப் போகிறார் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? தான் குரைத்துத்தான் துரத்தினேன் என்று நினைக்கிறான். ஒரு நாளில் ஐம்பது தரம் இந்தப் பாடம் நடக்கிறது. ஓடி ஒளிக்கவும் சங்கிலி விடாது. நாங்கள் பின்வளவில், கிணற்றடியில் இருந்து பின்வேலி வரைக்கும் கதியால் இடைவெளிகளைக் கம்பிவலையால் அடைத்து, அதற்குள் அவனை அவிழ்த்துவிட்டோம். ஒழுங்கை கண்ணில் படாது, மாமர நிழல் நாள் முழுக்க இருக்கும். ஒரு கிழமைக்குள்ளேயே குரைப்புக் குறைந்துவிட்டது. அதுவரை நான் ஒன்றுமே பழக்கவில்லை.

விடிய ஐந்தரைக்கு நடக்கப் போகிறோம். வெயில் ஏறினபிறகு தார் றோட்டில் நாயைக் கொண்டுபோகாதீர்கள். புறங்கையை றோட்டில் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. சித்திரை, வைகாசியில் காலையிலேயே அப்படி ஆகிவிடும் நாட்கள் உண்டு. நடை என்று சொன்னாலும் நாங்கள் நடப்பது கொஞ்சம்தான். பத்தடிக் கயிற்றில் விட்டு, அவன் மணக்கிற இடத்தில் எல்லாம் நானும் நிற்பேன். ஒரு மதகடியில் ஐந்து நிமிடம் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பான். முன்பு இழுத்துக்கொண்டு போவேன், இப்போது இழுப்பதில்லை. நாய்க்கு மூக்குத்தான் பத்திரிகை வாசிக்கிற கண். அரை மணித்தியாலம் வடிவாக மணந்துவிட்டு வந்தால் மதியம் வரைக்கும் அமைதியாகப் படுத்திருப்பான்.

வீட்டிலும் மூக்குக்கு வேலை கொடுக்கலாம். ஆறு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, இரண்டுக்குக் கீழே அவித்த ஈரல் துண்டு வையுங்கள். பழைய துவாயில் சாப்பாட்டைத் தூவிச் சுருட்டியும் கொடுக்கலாம், பக்கத்தில் நின்று பாருங்கள். தையல்காரியாக ஒன்று சொல்லவேண்டும்: நூல், ஊசி, நாடா நாய்க்கு எட்டவே கூடாது. விழுங்கின நூல் குடலை அறுக்கும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே வைத்தியரிடம் ஓடுங்கள்.

சாப்பாட்டில் எங்கள் வழக்கம் மிச்சச் சோற்றைக் கறியோடு குழைத்துப் போடுவது. அந்தக் கறியில் உப்பும் தூளும் வெங்காயமும் இருக்கும். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். முந்திரிகை, அதாவது திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும், காய்ந்ததும் அப்படித்தான். வெங்காயமும் முந்திரிகையும் எங்கள் தோட்டங்களில் விளைகிற சாமான் என்பதால் கவனம் கூட வேண்டும். சொக்லேட்டும் கூடாது. அவித்த கோழி எலும்பு ஊசியாக உடையும். காய்ச்சல் என்று நினைத்துப் பரசிற்றமோல் கொடுக்காதீர்கள். ஜிம்மிக்கு உப்பில்லாமல் அவித்த மீனை முள் எடுத்துச் சோற்றோடு, பூசணித் துண்டோடு காலையும் பின்னேரமும் ஒரே நேரத்தில் வைக்கிறேன். கிழமைக்கு மூன்று முட்டை. 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு முக்கால் லீற்றருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கூட. மண்சட்டியில் நிழலில் வைத்து, தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். நுளம்பும் பெருகாது.

உண்ணி பார்ப்பதைப் பின்னேரத் தேத்தண்ணியோடு செய்வேன். காது மடிப்பு, விரல் இடுக்கு, பட்டிக்குக் கீழே, வாலடி. கூர்ச்சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய் பூசாதீர்கள். மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் கைக்கணக்கில் கலந்து பூசாதீர்கள், அதில் செத்த நாயை நான் கண்டிருக்கிறேன். நிறை பார்த்து வைத்தியர் தருகிற குளிசை போதும். சாப்பிடாமல் படுத்துக் கிடந்தால் உதட்டை உயர்த்தி முரசை, அதாவது பல் ஈறை, பாருங்கள். வெளிறியிருந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

இவ்வளவும் சரிவந்த பிறகுதான் ஆக்களுக்குப் பழக்கத் தொடங்கினேன். தங்கையின் மகன் உதவிக்கு வந்தான். முதல் நாள் ஜிம்மியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். பொடியன் படலைக்கு வெளியே நின்று சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தான். ஜிம்மியின் காது நிமிர்ந்தது, வாய் மூடியது, வால் விறைத்தது. ஆனால் குரைக்கவில்லை. அந்தக் கணத்திலேயே வாய்க்கு முன்னால் ஈரல் துண்டு. மணி, ஈரல். மணி, ஈரல். பத்தாவது தரம் மணி அடித்தபோது படலையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தான்.

குரைத்தால் கிட்ட வந்துவிட்டோம் என்று பொருள், திட்டாமல் பத்தடி பின்னுக்குப் போங்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தரம், அவ்வளவுதான். அவனுக்குச் சலிக்க முன் நிறுத்திவிடவேண்டும். கிணற்றடியில் இருந்து விறாந்தைக்கு வர ஆறு கிழமை எடுத்தது. விறாந்தை மூலையில் ஒரு சாக்கு விரித்து, அதில் படுத்தால் மட்டும் துண்டு கிடைக்கும் என்று பழக்கினேன். இப்போது ஆள் வந்தால் தானாகச் சாக்குக்குப் போகிறான். பிள்ளைகள் வந்தால் மட்டும் பின்வளவில் விட்டுக் கதவைச் சாத்துவேன். அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வாலை ஆட்டுகிறதே என்று பிள்ளையைக் கிட்ட விடாதீர்கள். உடம்பு விறைத்து வால் மட்டும் ஆடினால், உதட்டை நக்கினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால், அது விலகச் சொல்கிறது.

சீனவெடிதான் இன்னும் மிச்சம். தைப்பொங்கல் விடிய நாலு மணிக்கே ஒழுங்கையில் வெடி தொடங்கிவிடும். கார்த்திகையில் இருந்தே போனில் வெடிச் சத்தத்தை மெல்லிசாகப் போட்டுச் சாப்பாடு வைக்கிறேன், கிழமைக்கு ஒருக்கால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். பொங்கலன்று உள்ளறையில் யன்னல் சாத்தி, அவனுக்குப் பழகின தையல் மெசினை ஓடவிட்டுப் பக்கத்தில் இருப்பேன். போன தைக்குக் கட்டிலுக்குக் கீழே நடுங்கிக்கொண்டு சாப்பாட்டைத் தொடவில்லை. இந்தத் தைக்கு மெசின் காலடியில் படுத்துக்கொண்டு பாதியைச் சாப்பிட்டான்.