பருமனுக்கு வாரம் ஒரு ஊசி: செமாக்ளூடைடு போட்டுக்கொள்ளும் முறை

அறுவை சிகிச்சை இல்லாமல் கடும் உடல் பருமனைக் குறைக்க இப்போது எழுதித் தரப்படும் மருந்துகளில் முக்கியமானது செமாக்ளூடைடு. 2025 ஜூனில் வெகோவி என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. பசியை அடக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பலனும் தொல்லையும் இங்கிருந்துதான் வருகின்றன.

முதல் 4 வாரம் 0.25 மி.கி. பிறகு 4 வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. முதல் மாதம் எடை இறங்கவில்லையே என்று பலர் தாங்களாகவே அளவைக் கூட்டிவிட்டு வாந்தியோடு திண்டாடுகிறார்கள். 0.25 வயிற்றைப் பழக்கத்தான். குமட்டல் அடங்காவிட்டால், மருத்துவரைக் கேட்டு அதே படியில் இன்னும் சில வாரம் நிற்கலாம்.

வாரத்தில் ஒரே கிழமையில், தொப்புளை ஒட்டாமல் வயிற்றிலோ தொடையிலோ போடுங்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். மருந்து நிறைத்த பேனா வடிவக் கருவியில் ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. பேனாவின் பொத்தானை அழுத்தி, அளவு காட்டும் எண் பூஜ்யத்துக்கு வந்ததும் உருவிவிடாமல், மெதுவாக ஆறு எண்ணுங்கள். உடனே எடுத்தால் மருந்து தோலில் துளியாக வழிந்து வீணாகும். பேனாவை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊசி போட மறந்தால்? அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒருபோதும் இரட்டை அளவு வேண்டாம்.

சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, பனீர் முதலில், சோறு பிறகு. பசி குறைந்ததே என்று இரண்டு இட்லியோடு நாளை ஓட்டினால் கொழுப்போடு தசையும் கரையும். வயிறு நிறைந்ததும் எழுந்துவிடுங்கள், இலையில் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. எண்ணெய்ப் பலகாரம்தான் குமட்டலைக் கிளப்பும். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும்.

குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. கருத்தரிக்க நினைப்பவர்கள் 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழக்கூடும். மருத்துவரிடம் அந்த அளவுகளைக் குறைக்கக் கேளுங்கள். மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.