குறுநாட்டின் செனட்டில் மசோதாவுக்கு வாக்களிக்கும் முறை

1979-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு சிறுவன் தொடங்கிய டலோசா, தன்னைத் தானே தனி நாடென்று அறிவித்துக்கொண்ட ஒரு குறுநாடு; அதை எந்த அரசும் அங்கீகரிக்கவில்லை. ஆயினும் கீழவையும் செனட் என்னும் மேலவையும் கொண்ட அதன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் மசோதாக்களின் மீது தொலைவிலிருந்தே வாக்களிக்கின்றனர். 1888-லேயே சட்ட அவை கண்ட திருவிதாங்கூரில் 1949 வரை இருந்த நம் குமரி மாவட்டத்துக்காரருக்கு மசோதா புதிய பண்டமல்ல.

நாகர்கோவிலிலிருந்து இத்தகைய செனட்டில் பங்கேற்பவர் முதலில் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். மில்வாக்கியைவிட நாம் குளிர்காலத்தில் 11 மணி 30 நிமிடமும் கோடையில் 10 மணி 30 நிமிடமும் முந்தியிருப்பதால், அங்கே நள்ளிரவில் முடியும் வாக்கெடுப்பு இங்கே மறுநாள் முற்பகலில்தான் முடியும்.

மசோதாவின் தலைப்பையும் முன்னுரையையும் நம்பி வாக்களிக்கலாகாது. திருத்த மசோதாவெனில், பழைய பிரிவை அருகில் வைத்து, எந்தச் சொல் நீங்குகிறது, எது சேர்கிறது, யாருக்குப் புதிய அதிகாரம் கிடைக்கிறது, எந்த நாளிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது என்று வரி வரியாக ஒப்பிட வேண்டும். அதைச் செயல்படுத்த ஆள் இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும், ஏனெனில் குறுநாடுகளில் பதவிகள் மிகுதி, ஆட்கள் குறைவு. அரசியலமைப்புத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவையா என்பதை விதிநூலில் பாருங்கள்.

ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை ஆகியவற்றுள் நடுநிலையே சிக்கலானது. 8 பேர் கொண்ட அவையில் 2 பேர் நடுநிலை வகித்தால், பதிவான வாக்குகளை மட்டும் எண்ணும் விதியின்கீழ் 4 வாக்குகளே மசோதாவை நிறைவேற்றிவிடும். மொத்த உறுப்பினர்களை எண்ணும் விதியின்கீழ் 5 வேண்டும், அங்கே நடுநிலை எதிர்ப்புக்குச் சமமாகும். எதிர்த்து வாக்களித்தால் காரணத்தை ஓரிரு வரியில் பதிவு செய்யுங்கள். மசோதாவைத் திருத்திக் கொண்டுவருபவருக்கு அது உதவும்.