செகண்ட்ஸ்ல சைடுபோர்டு (ட்ராயர், கதவு வச்ச குட்டை அலமாரி) வாங்குறீங்களா? மொதல்ல ட்ராயரை உருவிப் பாருங்க

ஆன்லைன்ல 'சாலிட் ரோஸ்வுட் சைடுபோர்டு, 2 வருஷம்தான் ஆச்சு'ன்னு பார்த்ததும் அட்வான்ஸ் அனுப்பிடாதீங்க. இப்ப வர்ற புது ஃபர்னிச்சர்ல ஷீஷம் நிறைய, அதையும் இந்தியன் ரோஸ்வுட்னு சொல்லித்தான் விக்கிறாங்க, ஆனா நாம ரோஸ்வுட்னு சொல்ற மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி வேற மரம், விலையும் வேற. ஷீஷம் மோசம்னு சொல்லல, நல்ல கெட்டி மரம்தான், அதுக்குன்னு ஈட்டி விலையா குடுப்பீங்க?

நேர்ல போனா முன்பக்க பாலிஷ்ல மயங்காதீங்க. மேல் பலகை ஓரத்துல மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க, மேல ஓடுற ரேகை பக்கவாட்டுலயும் தொடர்ந்து வந்து ரெண்டு முனையில குறுக்கு வெட்டு தெரிஞ்சா முழு மரம், தனியா ஒட்டின பட்டை மாதிரி இருந்தா வெனீர், அதாவது வேற பலகை மேல ஒட்டின மெல்லிசு மரத் தகடு. அப்புறம் ட்ராயரை முழுசா உருவி கவுத்துங்க, அங்க யாரும் பாலிஷ் போட மெனக்கெட மாட்டாங்க, அதனால உள்ள இருக்கறது அப்படியே தெரியும். ஓரம் அடுக்கடுக்கா வேஃபர் பிஸ்கட் மாதிரின்னா ப்ளைவுட், ரேகையே இல்லாம அட்டை மாதிரி இருந்தா எம்டிஎஃப், அதாவது மரநாரை பசை போட்டு அழுத்திச் செஞ்ச பலகை.

எம்டிஎஃப்னா கால் பக்கம் தடவிப் பாருங்க, வீடு துடைச்ச தண்ணி ஏறி உப்பியிருக்கும், நான் ஒண்ணு அப்படி வாங்கி ஆறே மாசத்துல ஸ்க்ரூ பிடிக்காம கதவு கையோட வந்துடுச்சு. உள்பக்கம் காசு சைஸ்ல வட்ட மூடி இருந்தா கேம் லாக், கழட்டி மாட்டுற டைப், ரெண்டு வீடு மாத்தினா ஆட ஆரம்பிச்சுடும்.

வெனீர், எம்டிஎஃப்னா புது விலையில மூணுல ஒரு பங்குக்கு மேல நான் பேசவே மாட்டேன்.