பழைய டீசல் காரில் போர் தண்ணீர் ஊற்றாதீங்க

கடலூர், புதுச்சேரி பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்பு படிந்து குழாய் அடைத்துவிடும். அதற்குப் பதில் கூலண்ட்டும் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்க. ஏற்கெனவே கலந்து வரும் ரெடிமிக்ஸ் கூலண்ட் என்றால் அப்படியே ஊற்றலாம்.

கடல் காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளையும் அரிக்கும். அவ்வப்போது நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்க. பிரஷர் வாஷ் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

சூடு ஏறுதுன்னா சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டையே (எஞ்சின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிப் போட்டுவிடுவார்கள். சம்மதிக்காதீங்க. டீசல் எஞ்சின் 80, 90 டிகிரிக்கு வராமலே ஓடினால் மைலேஜ் அடிவாங்கும், தேய்மானமும் கூடும்.

ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போகும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து ஓரங்கட்டுங்க. எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.