செட்டில் ஆனப்புறம் பாத்துக்கலாம்னு இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க

வெளிநாட்டுக்குப் புதுசா குடி வந்த குடும்பத்துல வேலை லிஸ்ட் நீளமா இருக்கும், வாடகை வீடு, பேங்க் அக்கவுன்ட், டாக்டர்கிட்ட பதிவு பண்றது, ஸ்கூல்னு ஓடிக்கிட்டே இருப்போம், கூட அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையோ தம்பியோ தங்கச்சியோ வந்திருந்தா அவங்க விளையாடப் போறதுங்கிற விஷயம் அந்த லிஸ்ட்லயே வராது. எங்க வீட்லயும் வரல. என் தம்பி வந்து இறங்கினப்ப அவனுக்கு 31 வயசு, ஸ்கூல் வயசெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு, ஒன்றரை வருஷம் சோபாவும் டிவியுமாவே போச்சு. தப்பு எங்க மேலதான்.

அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கு விளையாட்டுப் பயிற்சியும் போட்டியும் நடத்துற அமைப்புதான் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். முதல்ல அந்தப் பேர்ல இருக்கிற குழப்பம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்னு சொன்னதும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை டிவில வர்ற பாராலிம்பிக்ஸ்னு நினைச்சுக்கிறாங்க, "எங்க பையன் அந்த லெவல்லாம் இல்லங்க"ன்னு அப்பவே முடிச்சுடறாங்க. ரெண்டும் வேற வேற. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்ல பெரிய போட்டிகளும் உண்டுதான், ஆனா பெரும்பாலானவங்களுக்கு அது பக்கத்துல இருக்கிற ஏதோ ஒரு கிரவுண்ட்லயோ ஜிம்லயோ வாரா வாரம் நடக்கிற பிராக்டிஸ்தான். 1962-ல அமெரிக்க அதிபர் கென்னடியோட தங்கச்சி யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தன் வீட்டுத் தோட்டத்துலயே இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு கோடை முகாம் போட்டாங்க, அதுல இருந்து வளர்ந்து 1968 ஜூலைல சிகாகோவுல முதல் போட்டி நடந்துச்சு, இப்ப 170-க்கும் மேல நாடுகள்ல இருக்கு. அதனால நீங்க எந்த நாட்ல இருந்தாலும் தேட ஆரம்பிக்க இது ஒரு நல்ல இடம். இது போக ஊர் நீச்சல்குளம், ஃபுட்பால் கிளப்னு தனியா நடத்துற குரூப்பும் பல இடத்துல உண்டு.

தேடும்போது ஒரு வார்த்தைல கவனமா இருங்க. பிரிட்டன்ல "லேர்னிங் டிஸபிலிட்டி"ன்னாதான் நாம சொல்ற அறிவுசார் குறைபாடு, அமெரிக்காவுல அதே வார்த்தைக்கு படிக்கிறது, எழுதுறது, கணக்கு மாதிரி விஷயத்துல மட்டும் வர்ற சிரமம்னு அர்த்தம், அங்க "இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி"ன்னு கேக்கணும். வார்த்தை மாறினா உங்களை வேற வாசலுக்கு அனுப்பி விட்டுடுவாங்க, நாங்க ரெண்டு தடவை அலைஞ்சோம்.

வயசு பத்தி கவலையே வேண்டாம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்ல போட்டில கலந்துக்க 8 வயசு ஆகணும், அதுக்குக் கீழ 2-ல இருந்து 7 வயசு வரைக்கும் பந்து உருட்டுறது, குதிக்கிறது மாதிரி தனி புரோகிராம் இருக்கு, மேல எல்லை கிடையாது, அறுபது வயசுக்காரரும் சேரலாம். கலந்துக்கிறதுக்கு குடும்பத்துகிட்ட கட்டணம் வாங்கக் கூடாதுங்கிறதும் அவங்க கொள்கை. மத்த கிளப்ல ஃபீஸ் இருக்கலாம், கேட்டுக்கோங்க.

சேரும்போது மெடிக்கல் ஃபார்ம் ஒண்ணு குடுப்பாங்க, இதுல எதையும் மறைக்காதீங்க. ஃபிட்ஸ் வரும்னு எழுதினா சேத்துக்க மாட்டாங்களோன்னு அம்மா பயந்துபோய் அந்தக் கட்டத்தை காலியா விடச் சொன்னாங்க, நான் கேக்கல. கோச்சுக்கு அது தெரிஞ்சாதான் நீச்சல்குளத்துல ஒருத்தர் கண்ணு அவன் மேலயே இருக்கும். டவுன் சிண்ட்ரோம் இருந்தா கழுத்து எலும்புல தளர்வு இருக்க வாய்ப்பு உண்டு, அதனால டைவிங், ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி விளையாட்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க. பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க.

முதல் நாள் கதைய சொல்லணும். விளையாட்டோட பேர் "போச்சி" (bocce), சின்னப் பந்தை முன்னாடி உருட்டிட்டு பெரிய பந்தை அதுகிட்ட கொண்டு போய் சேக்கணும், அவ்ளோதான். கோச் தம்பிகிட்ட பேர் கேட்டாரு, அம்மா பதில் சொன்னாங்க. மறுபடி அவன்கிட்டயே கேட்டாரு, அம்மாவே மறுபடி சொன்னாங்க. மூணாவது தடவை அவர் ஒண்ணும் பேசாம குனிஞ்சு நின்னாரு, ரொம்ப நேரம் கழிச்சு இவன் தரைய பாத்துக்கிட்டே பேரைச் சொன்னான். அப்புறம் ஷூ லேஸ் அவுந்துச்சு, அம்மா ஓடப் பாத்தாங்க, நான் கையப் புடிச்சு நிறுத்தினேன், நாலு நிமிஷம் ஆச்சு, முடிச்சு கோணல், ஆனா அவனே போட்டது. விசில் சத்தத்துக்கு காதைப் பொத்திக்கிட்டான், அடுத்த வாரத்துல இருந்து விசிலுக்கு பதிலா கொடி. இதெல்லாம் கேட்டா செய்றாங்க, நாம கேக்கணும், அவ்ளோதான்.

மொழி தடையான்னு கேட்டா கொஞ்சம்தான். அவனுக்குத் தமிழ் மட்டும்தான் வரும், ஒரு அட்டைல தண்ணி, போதும், வலிக்குது, பாத்ரூம்னு தமிழ் வார்த்தைகளை கோச் வாசிக்கிற எழுத்துல எழுதிக் குடுத்தேன். இப்ப அவரு "மெதுவா மெதுவா"ன்னு கத்துறதுதான் கிரவுண்ட் முழுக்க கேக்குது.

போட்டினு வந்தா வயசு, திறமை பாத்து கிட்டத்தட்ட சம அளவுல இருக்கிறவங்களை ஒரே பிரிவுல போடுவாங்க, அதனால மெதுவா ஓடுறவனுக்கும் நிஜமான பந்தயம் கிடைக்கும். பிரிவு பிரிக்கிறதுக்கு முன்னாடி நடக்கிற ஓட்டத்துல "கொஞ்சம் மெதுவா ஓடு, சுலபமான பிரிவு கிடைக்கும்"னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, ஃபைனல்ல திடீர்னு ரொம்ப வேகமா ஓடினா தகுதி நீக்கமே பண்ணலாம்.

கூடப் பொறந்தவங்களுக்கும் இடம் இருக்கு. யூனிஃபைட்னு ஒரு வகைல குறைபாடு இல்லாதவங்களும் ஒரே டீம்ல ஆடுவாங்க. புது ஊர்ல ஃப்ரெண்ட்ஸ் கிடைக்காம ரூம்லயே அடைஞ்சு கிடந்த என் பொண்ணு இப்ப மாமாவோட டீம்ல ஆடுறா, அவளுக்காகவே வந்திருக்கலாம்னு சில நேரம் தோணும்.

இன்னொரு லாபம் நாங்க எதிர்பாக்காதது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997-ல இருந்து கண், காது, பல், பாதம் எல்லாம் இலவசமா பாக்கிற ஹெல்த்தி அத்லீட்ஸ்னு முகாம் நடத்துறாங்க. எங்க முகாம்ல தம்பி காதுல அழுக்கு கட்டியா அடைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. இத்தனை வருஷமா சொன்னா கேக்க மாட்டேங்கிறான்னு அவனைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

பல இடத்துல ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி சீசன், வாலண்டியர்ஸ் குறைவா இருந்தா வெயிட்டிங் லிஸ்ட் கூட இருக்கும், அதனால வீட்டுச் சாமானெல்லாம் பிரிச்சு அடுக்குற வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே ஒரு போன் போட்டு பேரையாவது குடுத்து வைங்க. முதல் நாள் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுத் திரும்பி வந்தாலும் பரவால்ல, அடுத்த வாரமும் கூட்டிட்டுப் போங்க.