அசேலியாவில் போன்சாய் பழகுதல்

சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிங்கப்பூரின் செடிக் கடைகளில் பூத்துக் குலுங்கும் அசேலியாக்கள், பண்டிகை முடிந்த சில வாரங்களில் பூ உதிர்ந்து குப்பைத்தொட்டியின் ஓரத்தில் கிடப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். போன்சாய் பழக விரும்புபவருக்கு அந்தச் செடியே நல்ல தொடக்கம். அதன் இலை சிறியது, முற்றிய கட்டையிலிருந்தும் அது துளிர்க்கும். நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் சிவந்து பூக்கும் காட்டுப் பூவரசும் இதுவும் ஒரே பேரினம். இரண்டும் குளிர்ச்சியையும் அமில மண்ணையும் நாடுபவை என்பதால், இந்த ஊர் வெயிலில் அசேலியாவின் வேரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே நம் முதல் வேலை.

வாங்கும்போது பூவைப் பார்க்காமல் அடிமரத்தைப் பாருங்கள். மேல்மண்ணை விரலால் சற்று விலக்கினால், தண்டு ஒன்றா, பல குச்சிகளை ஒன்றாக நட்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். அடி பருத்து மேலே மெலியும் ஒற்றைத் தண்டு கிடைத்தால், பூ குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

கிழக்கு பார்த்த தாழ்வாரம் இதற்கு ஏற்ற இடம். காலை வெயில் பத்து மணி வரை பட்டால் போதும்; அதன்பின் வெளிச்சமான நிழல் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளின் பொதுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடப்பதற்கு 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இலை, பூ, தேன் என இச்செடி முழுவதும் நச்சுத்தன்மை உடையது. ஆகவே குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாத உயரமே நல்லது.

மண்ணின் அமிலநிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் இது செழிக்கும். ஜப்பானின் கனுமா பகுதியில் எடுக்கப்படும் மஞ்சள் நிறக் குறுணை மண் இதற்கென்றே அமைந்தது போன்றது. நனைந்தால் நிறம் அடர்ந்தும் காய்ந்தால் வெளிறியும் காட்டுவதால், எப்போது நீர் ஊற்றுவது என்ற புதியவரின் குழப்பத்தை அதுவே தீர்த்துவிடும். ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் போடும் பழக்கத்தில் முட்டை ஓட்டையோ சாம்பலையோ இதற்கும் போட்டுவிடாதீர்கள். அவை அமிலத்தைக் குறைக்கும். நரம்பு பச்சையாகவே இருக்க இலை மட்டும் மஞ்சளாகும். நான் முதலில் வளர்த்த செடியை இப்படித்தான் இழந்தேன். குழாய் நீரைவிட மழைநீர் இதற்கு உகந்தது. ஆனால் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும் என்பதால், பிடித்த நீரை இறுக மூடி வைக்க வேண்டும், தொட்டியின் அடித்தட்டிலும் நீர் தேங்கக் கூடாது.

பூ வாடியதும் கவாத்து செய்யலாம், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கலாம். அதற்கு முன் வாடிய பூக்களைக் காம்போடும் சூலகத்தோடும் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் செடியின் வலு விதைக்குப் போய்விடும். பெரும்பாலான மரங்கள் உச்சியில் வேகமாக வளரும். அசேலியாவுக்கோ அடிக்கிளைகளில்தான் வேகம் அதிகம். மற்ற செடிகளில் பழகிய கை இதன் உச்சியை ஒட்ட வெட்டிவிடும், பிறகு உச்சி மீண்டும் எழுவதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் கீழே தாராளமாகவும் மேலே சிக்கனமாகவும் வெட்டுங்கள். அடியிலிருந்து கிளம்பும் குருத்துகளைத் தாமதிக்காமல் நீக்குங்கள். ஒவ்வொரு கிளை நுனியிலும் நான்கைந்து தளிர்கள் சக்கரம்போல் விரியும். அவற்றில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்தால் கிளைக்கு அழகான கவை அமையும், கணுவும் பருத்து முண்டாகாது. பெரிய வெட்டுக்காயங்களுக்குக் காயப்பசை பூசிவிடுங்கள்.

இதன் கட்டை எளிதில் முறியும், கிளை தண்டோடு சேரும் இடத்தில் இன்னும் எளிதாக முறியும். ஆகையால் கிளையை வளைப்பதற்கு முந்திய நாள் நீரைச் சற்றுக் குறைத்துவிட்டு, இளங்கிளைகளில் மட்டும் அலுமினியக் கம்பியைச் சுற்றி, நினைத்த வளைவை ஒரே நாளில் கொண்டுவராமல் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் கொண்டுவர வேண்டும். பட்டை மெல்லியது; கம்பி பதிகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள்.

வெட்டிய கையோடு தொட்டியையும் மாற்ற வேண்டாம். இரண்டு அதிர்ச்சியைச் செடி ஒருசேரத் தாங்காது. மழை வெப்பத்தைத் தணிக்கும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாற்றலாம். முடிபோன்ற அதன் வேர்கள் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும் என்பதால், நீர் தெளித்துக்கொண்டே அடி வேரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் போதும். ஆழமில்லாத போன்சாய்த் தட்டு பார்க்க அழகுதான், ஆனால் இங்கே அது ஒரு நண்பகலில் காய்ந்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆழமான மண் தொட்டியே போதும்.

குளிர்காலம் இல்லாத ஊரில் மறுமுறை பூ குறைவாகவே வரும். அப்படி வரும்போதும் வலுக்குறைந்த உச்சிக் கிளைகளின் மொட்டுகளையெல்லாம் கிள்ளிவிட்டு, அடிக்கிளைகளில் சிலவற்றை மட்டும் மலரவிடுங்கள்.